கை குலுக்க வைத்தேன், சண்டை தீரவில்லை

வந்தது நான்கு பக்கக் கடிதம். ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

எழுதிய வாசகிக்கு 32 வயது. திருவாரூர்ப் பக்கம் ஒரு நவீன அரிசி ஆலையில் ஒன்பது வருடமாக வேலை பார்க்கிறார். ஈரப்பதம் பார்க்கும் வேலைக்குச் சேர்ந்தவர், போன ஆடியில் சூப்பர்வைசர் ஆனார். ஆலையில் மொத்தம் 40 பேருக்கு மேல். இவருக்குக் கீழே 11 பேர். அதில் இரண்டு பேருக்குள்தான் தகராறு. ஒருவர் ராத்திரி ஷிப்டில் நெல் காய வைக்கும் டிரையர் ஓட்டுபவர், 52 வயது, அதே ஆலையில் 24 வருடம். கடிதம் முழுக்க அவர் 'டிரையர் அண்ணன்'. இன்னொருவர் பகலில் அரைவையும், நிறம் கெட்ட அரிசியைப் பிரித்துத் தள்ளும் சார்டெக்ஸ் மெஷினும் பார்க்கும் டிப்ளமா படித்த 26 வயது இளைஞர், 'சார்டெக்ஸ் தம்பி'. ராத்திரி காய்கிற நெல்லைத்தான் பகலில் அரைக்கிறார்கள்.

பொங்கல் கழிந்து சம்பா நெல் வந்து குவிந்த நேரத்தில் குருணை கூடியது. ஒருநாள் சீக்கிரமே வந்துவிட்ட தம்பி, சாம்பிள் மில்லில் கொஞ்சம் நெல்லை அரைத்துப் பார்த்து, உடைந்த அரிசியைக் கையில் வைத்துப் படம் எடுத்து ஆலையின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். கூடவே ஒரு வரி: "நைட்டு ஷிப்டு தூங்குது போல." அப்போது காலை மணி 5:40. பன்னிரண்டாவது நிமிடம் அண்ணனிடமிருந்து குரல் பதிவு: "நேத்து வந்த பய... உங்க தெருவுலேர்ந்து வந்தவன்கிட்ட மெஷினக் குடுத்தா இப்படித்தான் பேசுவான்." தம்பி பட்டியல் சாதியைச் சேர்ந்தவர். அண்ணன் இல்லை.

குழுவின் அட்மின் நம் வாசகிதான். அந்தப் பதிவை உடனே அழித்துவிட்டார். சாயங்காலம் ஷிப்ட் மாறும்போது இருவரையும் கூப்பிட்டு, "ரெண்டு பேர் மேலயும் தப்பு இருக்கு, இத்தோட விட்டுடுங்க" என்று கை குலுக்க வைத்தார். குலுக்கிவிட்டுப் போனார்கள். மறுநாளிலிருந்து டீ குடிப்பதுகூட இரண்டு கூட்டமாகத்தான். போன மாதம், எந்த பின்னை (காய்ச்சிய நெல்லை ஆற விடும் தொட்டி) எத்தனை மணிக்கு இறக்கலாம் என்று அண்ணன் போர்டில் எழுதிவைத்த நேரத்தை யாரோ அழித்துவிட்டார்கள். ஆறாத நெல் அரைவைக்குப் போனது. 26 கிலோ சிப்பமாக ஏற்றிய ஒரு லோடு அப்படியே திரும்பி வந்தது. முதலாளி சொன்னது: "நீயே பேசி முடிச்சு விடும்மா. இல்லேன்னா ரெண்டு பேருக்கும் கணக்கு முடிச்சு அனுப்பிட்டு வெளிமாநில ஆளைப் போட்டுக்கறேன்."

வாசகியிடம் மூன்று யோசனைகள் இருக்கின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் பிரியாணி போட்டு, எல்லோர் முன்னாலும் மனம்விட்டுப் பேச வைப்பது. இல்லை, அண்ணனைக் குடோனுக்கு மாற்றிவிடுவது. இல்லை, தானே வேறு ஆலைக்குப் போய்விடுவது. கடைசியில் ஒரு கேள்வி: "நான் பொம்பளை என்பதால்தான் என் பேச்சு எடுபடவில்லையா?"

அன்புள்ள தோழி,

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். முதல் தரம் படித்தபோது இரண்டு கோபக்காரர்கள் தெரிந்தார்கள். இரண்டாம் தரம் படித்தபோதுதான் மூன்றாம் பக்கத்தில் நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரி கண்ணில் பட்டது: "லாரி காத்திருக்கக் கூடாது என்று ஓனர் சொன்னதால் தைப் பிறப்புக்கு அப்புறம் ஆற வைக்கிற நேரத்தைக் குறைத்துவிட்டோம்." அதோடு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டீர்கள். நான் அங்கேயேதான் நிற்கிறேன்.

குருணை எங்கே உண்டாகிறது

நான் மனநல ஆலோசகன்தான். ஆனால் என் அப்பா மன்னார்குடியில் ஒரு மில்லில் கணக்கு எழுதியவர். நெல் அவிக்கிற வாசனையில் வளர்ந்தவன் நான். உங்களுக்குத் தெரியாததை நான் சொல்லப்போவதில்லை, நீங்கள் தினமும் பார்ப்பதையே திருப்பிச் சொல்கிறேன். அவித்த நெல் 30 சதவீதத்துக்கு மேல் ஈரத்தோடு டிரையருக்கு வருகிறது. அதை ஒரே மூச்சில் 14-க்குக் கொண்டுபோகக் கூடாது. 16, 18 சதவீதம் வாக்கில் நிறுத்தி, சில மணி நேரம் பின்னில் ஆற விட்டு, உள்ளே இருக்கிற ஈரம் வெளியே பரவிய பிறகுதான் மறுபடி காய்ச்ச வேண்டும். அந்த இடைவெளியைக் குறைத்தால் அரிசிக்குள் கீறல் விழுகிறது. இதில் ஒரு கொடுமை, அந்தக் கீறல் உடனே விழுவதில்லை. நெல் டிரையரை விட்டு இறங்கிச் சில மணி நேரம் கழித்துத்தான் விழுகிறது, அரைக்கும்போதுதான் உடைகிறது.

அதாவது, அண்ணன் ராத்திரி பார்க்கும்போது நெல் நன்றாகத்தான் இருக்கிறது. நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அவர் ஈரம் பார்க்கும் மீட்டரை நம்பாமல் ஒரு நெல்லை எடுத்து உமியை நகத்தால் உரித்துக் கடித்துப் பார்த்துச் சொல்கிறவர் என்று. அவர் கடித்தபோது அது கெட்டியாகத்தான் இருந்திருக்கும். தம்பி காலையில் அரைக்கும்போது அது உடைகிறது. அவர் காட்டிய படமும் பொய்யில்லை. இரண்டு பேருமே தங்கள் கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறார்கள். ஆற வைக்கும் நேரத்தைக் குறைக்கச் சொன்ன ஆள் அந்த வாட்ஸ்அப் குழுவில் வாயே திறக்கவில்லை.

நம் பக்கத்துக்காரர்களுக்கு இது புதிதா என்ன? தலைமடைக்காரன் தண்ணீரை அடைத்துக்கொண்டான் என்று கடைமடைக்காரன் சொல்வான். எனக்கே முழங்காலளவுதான் வந்தது என்று தலைமடைக்காரன் சொல்வான். மேட்டூரில் தண்ணீர் குறைந்த வருஷங்களில் கல்லணையில் முறை வைத்து விடுகிறார்கள், இத்தனை நாள் காவிரிக்கு, இத்தனை நாள் வெண்ணாற்றுக்கு என்று. அதனால் யாருக்கும் யார் மேலும் அன்பு பொங்கி வழிந்துவிடவில்லை. ஆனால் தண்ணீர் எப்போது வரும் என்று தெரிந்தது. மண்வெட்டியோடு ராத்திரி மதகில் காவல் கிடக்க வேண்டியதில்லை. உங்கள் ஆலையில் மதகு, காலை 6 மணிக்கு ஷிப்ட் மாறும் அந்த நேரம். அங்கே அளவுகோலும் கிடையாது, ஆளும் கிடையாது. நீங்கள் வருவது எட்டரைக்கு.

இன்னொன்றையும் பாருங்கள். 5:40-க்கு அந்தப் படம் வந்தபோது அண்ணன் பதினொன்றரை மணி நேரம் நின்றிருக்கிறார். உங்கள் ஆலையில் 12 மணி நேர ஷிப்ட். கூடுதல் நேர வேலைக்கு இரட்டிப்புக் கூலி தரச் சொல்கிறது சட்டம். அது உங்களிடம் கிடைக்கிறதா என்று கடிதத்தில் இல்லை. ராத்திரி முழுக்க அனல்காற்றில் நின்ற மனிதரைப் பார்த்து 'தூங்குது போல' என்றால் சுள்ளென்று ஏறத்தான் செய்யும். ஏறியதில் நியாயம் உண்டு. அவர் வாயிலிருந்து வந்ததற்கு அது நியாயம் ஆகாது. அதைத் தனியாகப் பேச வேண்டும்.

அந்தக் குரல் பதிவு

இங்கேதான் உங்களோடு எனக்குக் கொஞ்சம் சண்டை. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

'ரெண்டு பேர் மேலயும் தப்பு இருக்கு' என்றீர்கள். நடுநிலையாக இருப்பதாக நினைத்துத்தான் சொல்லியிருப்பீர்கள். ஆனால் தம்பி செய்தது வேலையைப் பற்றிய மரியாதை கெட்ட கிண்டல். அண்ணன் சொன்னது தம்பி பிறந்த தெருவைப் பற்றி. 'உங்க தெரு' என்றால் என்ன அர்த்தம் என்று டெல்டாவில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். இரண்டையும் ஒரே தராசில் வைத்துச் சரிபாதி என்று சொன்ன நிமிடமே, தம்பி உங்களிடம் வைத்திருந்த நம்பிக்கை போயிருக்கும். கை குலுக்கியது நீங்கள் சூப்பர்வைசர் என்பதால்.

'சாதிப் பேரைச் சொல்லலையே, ஆலைக்குள்ள நடந்ததுதானே' என்றும் எழுதியிருக்கிறீர்கள். இந்த இடத்தில் தொழிலாளர் வழக்குகள் பார்க்கும் ஒரு வழக்கறிஞர் நண்பரிடம் கேட்டுக்கொண்டே எழுதுகிறேன். 1989-ஆம் வருட வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில், பட்டியல் சாதியினரைப் பொதுப்பார்வையில் சாதிப் பெயர் சொல்லித் திட்டுவது ஒரு குற்றம். சாதியை வைத்துத் தாழ்த்த வேண்டும் என்றே பொதுப்பார்வையில் அவமதிப்பது இன்னொரு குற்றம். ஆகவே பெயரைச் சொல்லவில்லை என்பதோடு விஷயம் முடிந்துவிடாது. வாட்ஸ்அப் குழு 'பொதுப்பார்வை' ஆகுமா என்பதை நீதிமன்றம் வழக்குக்கு வழக்கு பார்த்து முடிவு செய்யும். நீங்களும் நானும் உட்கார்ந்து முடிவு செய்கிற சங்கதி இல்லை.

பதிவை அழித்தது பெரிய தவறு. சண்டை பரவக் கூடாது என்ற பதற்றம் புரிகிறது. நாளைக்கு யாராவது கேட்டால் சாட்சியத்தை அழித்ததாகத்தான் தெரியும். யாருடைய போனிலாவது பிரதி இருந்தால் அழிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். தேதி, நேரம், பதிவில் என்ன இருந்தது, ஏன் அழித்தீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு வையுங்கள்.

அப்புறம் தம்பியைத் தனியாகப் பாருங்கள். ஆபீஸ் அறையில் வேண்டாம். சார்டெக்ஸ் பக்கத்திலேயே, மெஷின் நின்ற பிறகு. இப்படிச் சொல்லலாம்: "அன்னிக்கு நான் ரெண்டு பேரையும் சமமா வச்சுப் பேசினது தப்பு, தம்பி. அவர் சொன்னது வேலையைப் பத்தினது இல்லைன்னு எனக்கும் தெரியும். உனக்கு என்ன நடக்கணும்?" சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். அவர் போலீசுக்குப் போக விரும்பினால் அது அவர் உரிமை, தடுக்காதீர்கள். போக வேண்டாம் என்றால் போகச் சொல்லி நெருக்கவும் வேண்டாம். 15100 என்ற எண்ணில் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் இலவச ஆலோசனை கிடைக்கும் என்பதை மட்டும் சொல்லிவையுங்கள். பட்டியல் சாதியினருக்கும் பெண்களுக்கும் வருமானம் பார்க்காமல் அந்த உதவி உண்டு. புகார் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் அவருடைய ஷிப்டிலோ கூலியிலோ யாரும் கை வைக்கக் கூடாது. அதற்கு நீங்கள் பொறுப்பு.

அண்ணன் மன்னிப்பு கேட்டால் போதும் என்று தம்பி சொன்னால், அந்த மன்னிப்பு பேச்சு நடந்த இடத்திலேயே வர வேண்டும். குழுவில் திட்டிவிட்டு அறைக்குள் சமாதானம் ஆவது கணக்கில் சேராது. அதோடு, நிர்வாகத்தின் பெயரில் அண்ணனுக்கு எழுத்துமூலம் விளக்கம் கேட்டு ஒரு கடிதம் போக வேண்டும். அதை முதலாளி போடட்டும். நீங்கள் போட்டால் சூப்பர்வைசர் பதவியைப் பழிவாங்கப் பயன்படுத்துவதாகப் பேச்சு வரும்.

அண்ணனைப் பற்றி

பதவி உயர்வு வருவதற்கு முன்பு அவர் உங்களைப் 'பாப்பா' என்று கூப்பிட்டார், இப்போது 'மேடம்' என்கிறார், அந்த 'மேடம்' காதில் குத்துகிறது என்று எழுதியிருந்தீர்கள். கடிதத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம் அது. உங்கள் கடைசிக் கேள்விக்குப் பாதி பதில் அதில் இருக்கிறது. ஆமாம், நீங்கள் பெண் என்பதும் அதில் சேர்த்திதான், இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் சூப்பர்வைசர் நாற்காலி தனக்கு வரும் என்று 24 வருடம் இருந்தவர் நினைத்திருக்கலாம். அவரிடம் யாராவது, முதலாளியாவது, ஏன் வரவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னார்களா? கடிதத்தைப் பார்த்தால் சொன்னதாகத் தெரியவில்லை.

அவரிடம் இரண்டு பேச்சு பேச வேண்டும், இரண்டு வேறு நாட்களில். முதல் நாள் குரல் பதிவைப் பற்றி. சுற்றி வளைக்காதீர்கள்: "அண்ணே, நைட்டு ஷிப்டைக் கிண்டல் பண்ணினது உங்களுக்குக் கோபம் வந்திருக்கும். ஆனா தெருவை இழுத்தது இந்த ஆலையில நடக்கக் கூடாது. இதை நான் விட முடியாது." அவர் பழசை எல்லாம் எடுப்பார், எடுக்கட்டும். 'எனக்கு நீ சொல்றியா' என்பார். ஆமாம் என்று சொல்லுங்கள். அந்தப் பேச்சில் குருணையைக் கலக்காதீர்கள். கலந்தால் 'வேலையில குத்தம் கண்டுபிடிக்கத்தான் இதைக் கிளறுறாங்க' என்று ஆகிவிடும்.

இன்னொரு நாள் ஆற வைக்கும் நேரத்தைப் பற்றிக் கேளுங்கள். முன்பெல்லாம் சம்பாவுக்கு எத்தனை மணி நேரம் விட்டீர்கள், இப்போது எத்தனை, எப்போது குறைந்தது? அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளுங்கள். இது தாஜா பண்ணுவதற்காக இல்லை. முதலாளியிடம் கொண்டுபோக உங்களுக்கு அந்தக் கணக்கு வேண்டும்.

முதலாளி சொன்ன 'கணக்கு முடிக்கிறது'

கோபத்தில் சொன்னார் என்றே வைத்துக்கொள்வோம். சட்டத்தில் அது அவ்வளவு சுலபம் இல்லை. தவறு செய்தார் என்று நீக்க வேண்டுமானால் குற்றச்சாட்டைக் கொடுத்து, விளக்கம் கேட்டு, விசாரணை வைத்துத்தான் நீக்க முடியும். ஆள் வேண்டாம் என்று குறைப்பதானால், ஒரு வருடத்தில் 240 நாள் வேலை செய்த தொழிலாளிக்கு ஒரு மாத நோட்டீஸும் பணி செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளமும் தர வேண்டும். அண்ணனுக்கு 24 வருடம் என்றால் 360 நாள் சம்பளம், கிட்டத்தட்ட ஒரு வருடச் சம்பளம், கிராஜுட்டி தனி. இதை மிரட்டலாகச் சொல்லாமல் கணக்காகச் சொல்லுங்கள். ஆலைக்காரர்களுக்குக் கணக்கு புரியும். திரும்பி வந்த ஒரு லோடில் போன பணத்தையும் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள். லாரி ஒரு மூன்று மணி நேரம் காத்திருந்தால் ஆகிற வாடகையையும் எழுதுங்கள்.

20 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் குறைதீர்க் குழு ஒன்று இருக்க வேண்டும். 2010-இல் தொழில் தகராறு சட்டத்தைத் திருத்திக் கொண்டுவந்த ஏற்பாடு. இப்போது அதற்குப் பதிலாக வந்திருக்கும் தொழிலுறவுச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. நிர்வாகத் தரப்பும் தொழிலாளர் தரப்பும் சம எண்ணிக்கையில் உட்கார வேண்டும். உங்கள் ஆலையில் இருக்கிறதா? இல்லை என்றால் இதுவரை எல்லாப் பஞ்சாயத்தும் உங்கள் தலையில் விழுந்ததற்கு அதுவும் ஒரு காரணம். அதேபோல, பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் 2013-ஆம் வருடச் சட்டப்படி பெண்களுக்கான உள் புகார்க் குழுவும் இருக்க வேண்டும். இப்போது உங்களுக்கு அது தேவைப்படவில்லை. இருந்தாலும் கேட்டு வையுங்கள்.

உங்கள் மூன்று யோசனைகளுக்கு வருகிறேன். பிரியாணி வேண்டாம். இலையைப் போட்டுவிட்டு 'மனம்விட்டுப் பேசுங்க' என்றால் நல்லவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள், வாய் உள்ளவர்கள் பேசுவார்கள். பாதிக்கப்பட்ட பையன் பதினோரு பேர் முன்னால் மறுபடி ஒருமுறை சிறுத்துப் போவார். அண்ணனைக் குடோனுக்கு மாற்றுவதும் இப்போது வேண்டாம். அவர் இடத்தில் வருகிறவருக்கும் அதே லாரிதான், அதே குறைந்த நேரம்தான், குருணை குறையாது. வேறு ஆலைக்குப் போவது உங்கள் விருப்பம். நல்ல சம்பளம் என்றால் போங்கள், அதில் தோற்றுப்போனது ஒன்றும் இல்லை. ஆனால் இந்தச் சம்பா முடியும்வரை இருந்து பார்க்கலாமே என்பது என் எண்ணம்.

ஷிப்ட் மாறும் அந்தக் கால் மணி நேரம்

இரண்டு வாரத்துக்கு மட்டும், ஷிப்ட் தொடங்கும் நேரத்தையும் முடியும் நேரத்தையும் 6-இலிருந்து 7-க்குத் தள்ளித் தரும்படி முதலாளியிடம் கேளுங்கள். அப்போது நீங்களும் அங்கே நிற்க முடியும். வண்டிக்கும் அவரே ஏற்பாடு செய்யட்டும். ஆற வைக்கும் நேரத்தையும் அந்த இரண்டு வாரத்துக்குப் பழையபடி விடச் சொல்லுங்கள். நேரத்தைப் பழையபடி மாற்றினால்தான் குருணை எவ்வளவு குறைகிறது என்று தெரியும்.

சாக்பீஸ் போர்டை எடுத்துவிடுங்கள். கார்பன் வைத்த நோட்டுப் புத்தகம் ஒன்று போதும். எந்த பின், எத்தனை மணிக்கு நிரம்பியது, நிறுத்தியபோது ஈரம் எவ்வளவு, எத்தனை மணிக்கு இறக்கலாம். இறங்குகிறவர் எழுதிக் கையெழுத்து, ஏறுகிறவர் பார்த்துக் கையெழுத்து. போர்டை அழித்தது யார் என்று துப்புத் துலக்க வேண்டாம், கிடைக்காது. கிடைத்தால் இன்னொரு சண்டைதான் மிச்சம். இரண்டு ஷிப்டுக்கும் ஒரே மீட்டர். இப்போது ராத்திரிக்குப் பழைய மீட்டர், பகலுக்குப் புது மீட்டர் என்று எழுதியிருந்தீர்களே, இரண்டும் ஒரே நெல்லுக்கு வேறு வேறு எண் காட்டினால் யார் என்ன செய்வது? அண்ணன் கடித்துப் பார்த்துச் சொல்வதையும் ஒரு கட்டத்தில் எழுதுங்கள். மீட்டரோடு எத்தனை நாள் ஒத்துப்போகிறது என்று பார்க்க எனக்கே ஆசையாக இருக்கிறது.

வாட்ஸ்அப் குழுவில் இனி வேலைக்கான தகவல் மட்டும். குறை சொல்ல வேண்டுமானால் ஆளிடம் நேரில், இல்லையென்றால் உங்களிடம்.

கடைசியாக ஒரு கறுப்புத் தட்டு வாங்குங்கள். ஷிப்ட் மாறும்போது முந்தைய நாள் இறக்கிய பின்னிலிருந்து கொஞ்சம் நெல்லைச் சாம்பிள் மில்லில் அரைத்துத் தட்டில் கொட்டி, நூறு அரிசி எண்ணி, அதில் எத்தனை உடைந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். கறுப்பில் உடைசல் பளிச்சென்று தெரியும். நீங்கள் எண்ணாதீர்கள். அண்ணன் ஐம்பது, தம்பி ஐம்பது எண்ணட்டும். முதல் இரண்டு நாள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்க மாட்டார்கள். பரவாயில்லை, தட்டைப் பார்த்தால் போதும். நீங்கள் எண்ணை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு வாரம் கழித்து அந்த நோட்டோடு முதலாளியைப் பாருங்கள். எனக்கும் ஒரு கடிதம் போடுங்கள்.